வெயில் படாத சீட்டு

"சாமி, மறுபடியும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

தணிகாசலம் லேப்டாப்பைப் பாறை மேல் வைத்துவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தார். கரட்டுக் குன்று ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

கரட்டுச்சாமி வெள்ளாட்டுக்குட்டி ஒன்றைக் காலிடுக்கில் பிடித்து வைத்துக்கொண்டு, அதன் காதிலிருந்து உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"விளம்பரக் கம்பெனிக்காரங்க."

"எதை வேண்டாம்னாங்க?"

"என்னைத்தான் சாமி."

சாமி குட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். தணிகாசலத்தை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

"முழுசாத்தானே இருக்கீங்க," என்றார்.

அரூர்ப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கரட்டின் உச்சியில் ஓட்டுக் கூரை போட்ட சின்ன மடம் ஒன்று உண்டு. அதில் கரட்டுச்சாமியும் ஆட்டுக்குட்டியும் இருந்தார்கள். சாமிக்கு வயது இருபத்தெட்டு. மொட்டைத் தலை. தணிகாசலத்துக்கு ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது. சாமியின் வயதை வைத்து ஊரில் கேலி பேசாதவர்கள் இல்லை. கேலி பேசியவர்களும் கஷ்டம் வந்தால் கரடு ஏறினார்கள்.

சாமியிடம் கண்ணாடி கீறிய போன் ஒன்றும் இருந்தது. அவருக்கு எதற்கு போன் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

"உட்காருங்க. முதல்லருந்து சொல்லுங்க."

தணிகாசலம் சொன்னார்.

ஊதுபத்திக் கம்பெனி ஒன்றுக்கு ஊர் ஊராய்ப் போய் ஆர்டர் எடுத்தவர் அவர். பாதி வாழ்க்கை பஸ்ஸில் போனது. மீதிப் பாதியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். ஒருநாள் கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார முடியாமல், மகள் காலேஜ் முடித்துவிட்டுப் போட்டுப்போன லேப்டாப்பை எடுத்து ஒரு வலைப்பூ தொடங்கினார். அதற்கு 'வெயில் படாத சீட்டு' என்று பேர் வைத்தார்.

எந்த ஊர் பஸ்ஸில், எந்த நேரத்தில், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் மூஞ்சியில் அடிக்காது என்று எழுதினார். அவ்வளவுதான் அதில் இருந்தது.

அந்த மாதிரி எழுத்தின் ஓரத்தில் விளம்பரம் போட்டு, வருகிற காசில் நமக்கும் ஒரு பங்கு தருகிற கம்பெனி இருக்கிறது என்று கேள்விப்பட்டார். ஆனால் முதலில் நாம் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

"வீட்டுக்காரி ஜெயக்கொடி தவணை வச்சிருக்கா சாமி. மார்கழி பொறந்தா பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆரம்பிச்சுடுவாங்க. அவ அண்ணன் மாதையனுக்குப் பெயிண்ட் கடை. கூட ஒரு ஆள் வேணுமாம். அதுக்குள்ள கம்பெனி சரின்னு சொன்னா நான் எழுதலாம். இல்லைன்னா லேப்டாப்பைப் பரண்ல போட்டுட்டு, பெயிண்ட் டப்பாவை எடுக்கணும்."

"பெயிண்ட் டப்பா கனமா?"

"கனம் கெடக்குது சாமி. எழுதறதை விடணுமே."

சாமி தலையசைத்தார்.

"முதல் தடவை என்ன சொன்னாங்க?"

"தளம் இன்னும் முழுமையடையலைன்னு."

"எத்தனை பஸ்ஸு எழுதியிருந்தீங்க?"

"நாலஞ்சு. ஆனா அது சும்மா நாகரிகத்துக்குச் சொல்றது சாமி. பஸ்ஸு சீட்டைப் பத்தி எழுதறவன்கிட்ட வேற எப்படிச் சொல்வாங்க?"

அப்போதுதான் அவர் ஒரு வீடியோ பார்த்தார். தாடி வைத்த பையன் ஒருவன் அதில் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். தணிகாசலம் அவனை மாதிரியே பேசிக் காட்டினார்.

"'வணக்கம் மக்களே, ஸ்கிப் பண்ணாம கடைசி வரைக்கும் பாருங்க. நீங்க எழுத நினைக்கிறதை எழுதாதீங்க மக்களே. ஜனங்க என்ன தேடறாங்களோ அதை எழுதுங்க. சுகர், முடி, ஜாதகம். இந்த மூணும் இருந்தா அனுமதி உங்க வீட்டுக் கதவைத் தட்டும்.'"

சாமி சட்டென்று திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே பாறைதான் இருந்தது.

"என்ன சாமி?"

"ஒண்ணுமில்லை. யாரோ பேசின மாதிரி இருந்தது. அப்புறம்?"

"பஸ்ஸைப் பத்தி எழுதினதையெல்லாம் எடுத்து மறைச்சு வச்சுட்டேன். சுகரு, முடி, ஜாதகம்னு வரிசையா எழுதினேன். விண்ணப்பிச்சேன். பயனுள்ள விஷயம் போதலைன்னு பதில் வந்திருக்கு. இனிமே என்ன எழுதறதுன்னு சாமிதான் சொல்லணும்."

"எழுதினதைப் படிங்க."

தணிகாசலம் லேப்டாப்பைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். குரல் கனத்தது, கண்ணாடி போட்டுக்கொண்டது, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டது.

"'நீரிழிவு நோயாளிகளின் மேலான கவனத்திற்கு. இன்றைய அவசர யுகத்தில் கணையத்தின் செயல்பாடு குறித்த விழிப்புணர்வு மிகவும் இன்றியமையாததாகும்...'"

சாமி மறுபடியும் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து மடத்துக்குள் போனார்.

திரும்பி வந்தவர் தணிகாசலத்தின் எதிரே நெருக்கி உட்கார்ந்தார். வலது கையை நீட்டினார். நாக்கையும் நீட்டினார்.

தணிகாசலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன சாமி இது?"

சாமி நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"டாக்டர் வந்திருக்காருன்னு நினைச்சேன்," என்றார்.

தணிகாசலம் கரடு இறங்கும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் புரிந்துவிட்டது. துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சுகர் கட்டுரையின் அடியில் ஒரு வரி சேர்த்தார்.

'தகுந்த மருத்துவரை அணுகவும்.'

*

அடுத்த வாரமும் ஏறினார்.

"சாமி சொன்னதைச் செஞ்சுட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"டாக்டரை அணுகவும்னு போட்டுட்டேன் சாமி."

சாமி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆட்டுக்குட்டியையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அடுத்ததைப் படிங்க."

இந்தத் தடவை தணிகாசலத்தின் குரல் மெலிந்து, இழைந்து, டிவியில் எண்ணெய் விற்கிற பெண்ணின் குரலாகிவிட்டது.

"'கூந்தல் உதிர்கிறதே என்று கவலையா தோழிகளே? இதோ, பாட்டி வைத்தியத்தில் ஒளிந்திருக்கும் ரகசியம். முப்பதே நாளில் முழங்கால் வரை...'"

சாமி திரும்பிப் பார்த்தார். யாரையும் காணோம். திரும்பவும் இந்தப் பக்கம் திரும்பி, தலையைக் குனிந்து, மழுங்க மழித்த மண்டையைத் தணிகாசலத்தின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

அப்படியே இருந்தார்.

ஈ ஒன்று வந்து அதில் உட்கார்ந்தது. பறந்தது. மறுபடி உட்கார்ந்தது.

"சாமி?"

"ம்."

"எதுக்கு சாமி குனிஞ்சிருக்கீங்க?"

"முழங்கால் வரைக்கும்னீங்களே. வரட்டும்னு பார்க்கிறேன்."

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தப்பாகிவிடுமோ என்று அடக்கிக்கொண்டார். அடக்கியது கண்ணில் நீராக வந்தது. அதைப் பக்தி என்று நினைத்து ஆட்டுக்குட்டி அவர் முழங்கையை நக்கியது.

அன்றைக்கும் வழியெல்லாம் யோசித்தார். வீட்டுக்குப் போய் 'முப்பதே நாளில்' என்பதை அடித்துவிட்டு 'விரைவில்' என்று மாற்றினார்.

முடிக் கட்டுரைக்கு அடியில் யாரோ ஒருவர் கேள்வி போட்டிருந்தார்.

'அண்ணா, திருப்பத்தூர் பஸ்ஸுக்கு எந்தப் பக்கம்? பழைய பதிவு எதையும் காணோமே.'

சம்பந்தம் இல்லாத கேள்விகளை அழித்துவிடுங்கள் மக்களே என்று தாடிப் பையன் சொல்லியிருந்தான்.

தணிகாசலம் அழித்தார்.

*

மாதையன் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். கையில் பெயிண்ட் கம்பெனியின் நிற அட்டை. விசிறி மாதிரி விரியும்.

"மாப்ளே, மார்கழிக்குள்ள இதை மனப்பாடம் பண்ணிடுங்க. ஐவரி எது, கிரீம் எதுன்னு கேட்டா முழிக்கக் கூடாது."

"ரெண்டும் ஒண்ணுதானே மச்சான்?"

"கடையில உட்கார்ந்துட்டு இதைச் சொன்னீங்கன்னா நான் கடையை மூட வேண்டியதுதான்."

ஜெயக்கொடி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"ஏண்ணா, கம்பெனிக்காரங்க சரின்னு சொல்லிட்டா?"

"சொன்னா சந்தோஷம் தாயி. நானே மாலை வாங்கியாந்து போடறேன். சொல்லணுமே." தணிகாசலத்தைப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க மாப்ளே. என்ன எழுதறீங்கன்னு நேத்து எம் பையன் போன்ல காட்டினான். ஏழரைச் சனிக்குப் பரிகாரம் எழுதியிருக்கீங்க. போன வருஷம் நம்ம வீட்டு ஜாதகத்தைத் தலைகீழாப் பிடிச்சு வாசிச்சவர்தானே நீங்க?"

ஜெயக்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தணிகாசலம் நிற அட்டையை விரித்தார். ஐவரி இருந்தது. கிரீம் இருந்தது. எவ்வளவு பார்த்தாலும் இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

*

"படிக்கட்டுமா சாமி? ஜாதகம் ஒண்ணு பாக்கி இருக்கு."

"வேணாம். இதைப் பாருங்க."

சாமி கற்களைக் கூட்டி அடுப்பு வைத்திருந்தார். பானையில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் கொஞ்சம் எடுத்துத் தணிகாசலத்தின் உள்ளங்கையில் விட்டார். அவர் ஊதி ஊதி விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"வேகலையே சாமி."

"வேகலையா?"

"ம்ஹூம். பல்லுல சிக்கும்."

"சரி," என்று சாமி துணியைச் சுற்றிப் பானையை இறக்கினார். பாறையோரமாகத் தூக்கிக்கொண்டு போனார். கீழே கவிழ்க்கப் பார்த்தார்.

தணிகாசலம் ஓடிப்போய்ப் பானையைப் பிடித்தார்.

"என்ன சாமி பண்றீங்க?"

"வேகலைன்னீங்களே. கொட்டிட்டு அந்தப் பானையில வேற ஏதாவது வைக்கலாம்னுதான்."

"நல்ல பருப்பு சாமி. இன்னும் கொஞ்ச நேரம் அடுப்புல இருந்தா தானா வெந்துடும். இதுக்குப் போய்க் கொட்டுவாங்களா?"

சாமி பானையை மறுபடி அடுப்பில் ஏற்றினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊதத் தொடங்கினார்.

பருப்பு வெந்தது. இருவரும் சாப்பிட்டார்கள். உப்பு கொஞ்சம் கம்மி.

சாமிக்கு இன்றைக்குப் பசி பொறுக்கவில்லை, பாவம், என்று நினைத்துக்கொண்டே தணிகாசலம் இறங்கினார்.

*

கார்த்திகை பாதி தாண்டியது. மழை விட்டு வெயில் சுள்ளென்று காய்ந்தது.

தணிகாசலம் கரட்டுக்குப் போனபோது சாமி பாறையில் மல்லாந்து படுத்திருந்தார். வலது கன்னத்தில் ஈரத்துணி. துணியை எடுத்தபோது கன்னம் செக்கச்செவேல் என்று இருந்தது. இடது கன்னம் எப்போதும் போல இருந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு பேர் முகத்தைப் பாதி பாதி ஒட்டி வைத்த மாதிரி.

"ஐயோ, என்னாச்சு சாமி?"

"நேத்து ஊத்தங்கரைக்குப் போனேன். ஒருத்தர் மடத்துக்கு அரிசி தர்றேன்னாரு."

"பஸ்ஸுலயா?"

"பஸ்ஸுலதான். காலையில போகும்போது வலது பக்கம் உட்கார்ந்தேன். நல்ல வெயில். எழுந்து மாறலாம்னா கூட்டம். சரி, திரும்பும்போது பஸ்ஸு எதிர்ப்பக்கம்தானே போகும், வெயிலும் எதிர்ப்பக்கம் போயிடும்னு கணக்குப் போட்டு, சாயங்காலமும் அதே வலது பக்கம் உட்கார்ந்தேன்."

தணிகாசலம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தப்புக் கணக்கு சாமி. பஸ்ஸு திரும்புற மாதிரி சூரியனும் திரும்பிடுதே. ஊத்தங்கரை நமக்கு வடக்க. காலையில வடக்க பார்த்துப் போறப்ப கிழக்கு வெயில் வலது பக்கம். சாயங்காலம் தெற்க பார்த்து வர்றப்ப மேற்கு வெயில், அதுவும் வலது பக்கம்தான். போகவும் இடது, வரவும் இடது. எல்லாரும் இங்கதான் ஏமாறுவாங்க. இதை நான் எழுதியே..."

நிறுத்தினார்.

"எழுதியிருந்தீங்க," என்றார் சாமி. "நானும் படிச்சிருக்கேன். எங்க போறதுன்னாலும் அதைப் பார்த்துட்டுத்தான் பஸ்ஸு ஏறுவேன்."

பாறைக்குக் கீழே கிடந்த போனை எடுத்துக் காட்டினார். கண்ணாடி கீறிய போன்.

"இடதா வலதான்னு ஞாபகம் இல்லை. அதனால நேத்துக் காலையிலயும் கிளம்பறதுக்கு முன்னாடி திறந்து பார்த்தேன்."

தணிகாசலம் போனை எட்டிப் பார்த்தார்.

"என்ன இருந்துச்சு சாமி?"

சாமி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"முடி வளர்க்கச் சொல்லிச்சு," என்றார்.

ஈரத்துணியை எடுத்துத் திரும்பவும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

தணிகாசலம் அங்கேயே நின்றார். மேய்ந்துகொண்டிருந்த ஆட்டுக்குட்டி வந்து அவர் வேட்டியைக் கடித்து இழுத்தது. அவர் அசையவில்லை.

*

அன்று சாயங்காலம் ஜெயக்கொடி எட்டிப் பார்த்தபோது அவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க போகுது?"

"சுகரு."

"இது?"

"முடி. அடுத்தது சனி."

சனி போனதும் மறைத்து வைத்திருந்த பஸ்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டார். அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதைத்தானே முதல்ல வேண்டாம்னாங்க?"

"ஆமா."

"திரும்ப இதையே வச்சா?"

"வேண்டாம்பாங்க."

"அப்ப பெயிண்ட் கடைதான்."

"கடைதான்."

"தெரிஞ்சுமா பண்றீங்க?"

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார்.

"சாமிக்கு ஒரு பக்கக் கன்னம் வெந்து போச்சு ஜெயா."

அவளுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. குனிந்து திரையில் இருந்த பஸ்களைப் படித்தாள்.

"அதுல எங்க அம்மா வீட்டு பஸ்ஸு இருக்கா?"

"இல்லை."

"பத்து மணி வண்டி. அரூர்லருந்து தீர்த்தமலை. எந்தப் பக்கம்னு நீங்கதான் எனக்குச் சொல்வீங்க. ஊருக்குச் சொல்ல மாட்டீங்களா?"

மறுநாள் காலையில் அவர் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அதற்கடுத்த நாளும் ஏறினார். இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார். கண்டக்டர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒருவர், "என்னண்ணே, மறுபடி ஊதுபத்தியா?" என்று கேட்டார்.

"இல்லை தம்பி. வெயில்."

"வெயிலுக்குமா ஆர்டர் எடுக்கறீங்க?"

வீட்டுக்கு வந்ததும் எழுதுவார். நாலஞ்சாக இருந்த பஸ் பதிவுகள் இருபதைத் தாண்டின. எழுதும்போது தொண்டையைச் செருமவில்லை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரியே எழுத வந்தது.

திருப்பத்தூரைப் பற்றிக் கேட்டவர் ஞாபகத்துக்கு வந்தார். கேள்வியை அழித்தாயிற்று. கேட்டவர் யார் என்பதும் போயிற்று. ஆனாலும் திருப்பத்தூருக்குப் போய்வந்து எழுதினார். எழுதி, கடைசியில் ஒரு வரி போட்டார்.

'கேட்டுவிட்டுப் போனவர் எங்கிருந்தாலும் இதைப் பார்க்கவும். தாமதத்துக்கு மன்னிக்கவும்.'

மார்கழி பிறப்பதற்கு முதல் நாள் ஜெயக்கொடி கேட்டாள்.

"கம்பெனிக்குத் திரும்ப விண்ணப்பம் போட்டீங்களா?"

தணிகாசலம் விழித்தார்.

"மறந்தே போச்சு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். தோசைமாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"எதை அழுத்தணும்?"

காட்டினார். அவளே அழுத்தினாள். பட்டனில் மாவு ஒட்டியது.

*

பதில் வருவதற்குள் மார்கழி வந்துவிட்டது.

சொன்ன சொல்லுக்குத் தணிகாசலம் பெயிண்ட் கடையில் போய் உட்கார்ந்தார். பகல் முழுக்க டப்பா எடுத்துக் கொடுத்தார். லேப்டாப்பைப் பரணில் போடச் சொல்லி ஜெயக்கொடி பேச்செடுக்கவில்லை. அவரும் போடவில்லை.

கடையில் ஓர் அம்மா வெள்ளை பெயிண்ட் வாங்கிக்கொண்டு சேலம் பஸ்ஸுக்குக் கிளம்பினார். தணிகாசலம் டப்பாவைக் கட்டிக் கொடுத்துக்கொண்டே எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மாதையன் கல்லாவிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, ஐவரிக்கும் கிரீமுக்கும் இவ்வளவு விளக்கம் சொன்னீங்கன்னா எனக்கு வியாபாரமாவது ஆகும்."

அப்போது போன் கிணுகிணுத்தது. தணிகாசலம் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன மாப்ளே, கெட்ட சேதியா?"

"சரின்னு சொல்லிட்டாங்க மச்சான்."

மாதையன் எழுந்து வந்தார். தானும் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தார்.

"சரின்னுதான் போட்டிருக்கு," என்றார். பிறகு கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ஏணி, டப்பா, ஆள் நெருக்கம். "அப்ப நாளைக்கு வரமாட்டீங்க."

"பொங்கல் வரைக்கும் வர்றேன் மச்சான்."

"மாலை?"

"அதையும் பொங்கலுக்கே போடுங்க."

*

மறுநாள் கடை திறப்பதற்கு முன்னால், வெயில் ஏறுவதற்குள், தணிகாசலம் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு கரடு ஏறினார்.

சாமியின் கன்னம் ஆறியிருந்தது. தோல் உரிந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. ஆட்டுக்குட்டி வளர்ந்துவிட்டிருந்தது.

"சாமி, கிடைச்சுடுச்சு."

"என்னது?"

"அனுமதி."

"அப்படியா," என்றார் சாமி. பாறையைத் தட்டிக் காட்டினார். "காட்டுங்க."

தணிகாசலம் திறந்தார். அரூர்–ஊத்தங்கரை பஸ் பதிவு. பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் ஒன்று மினுக்கியது. ஒரு பெண் முழங்கால் வரைக்கும் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

சாமி அதை உற்றுப் பார்த்தார். தலையைத் தடவிக்கொண்டார்.

"இது தினமும் வருமா?"

"மாறிக்கிட்டே இருக்கும் சாமி. ஒரு நேரம் எண்ணெய், ஒரு நேரம் சோப்பு. நம்ம கையில இல்லை."

"எந்தப் பக்கம் விழும்?"

"எப்பவும் வலது பக்கம்தான்."

"காலையிலயும்?"

"சாயங்காலமும்."

சாமி எழுந்தார். தணிகாசலத்தைச் சுற்றிக்கொண்டு போய், லேப்டாப்புக்கு இடது பக்கமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். வசதியாகத்தான் இருக்கிறதா என்று ஒருமுறை அசைந்து பார்த்துக்கொண்டார்.

"இப்பப் படிங்க."

தணிகாசலம் படித்தார்.

"'காலையில் அரூரிலிருந்து ஊத்தங்கரை போகிறவர்கள் இடது பக்கம் உட்காருங்கள். கைக்குழந்தை இருந்தால் முதலில் ஷட்டரை இழுத்துப் பாருங்கள், சில வண்டியில் இறங்காது. புளியமரம் முடிகிற இடத்தில் வெயில் திடீரென்று உள்ளே வரும். எழுந்து மாற வேண்டாம். அடுத்த வளைவில் தானாகப் போய்விடும். சாயங்காலம் திரும்பும்போதும் இடது பக்கம்தான். மாறும் என்று நினைத்து உட்கார்ந்த ஒருவருக்குக் கன்னம் வெந்துவிட்டது...'"

சாமி கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இந்தத் தடவை பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.